பிடி அரிசியில் எழுந்த தலைநகர்

கோட்டை இல்லை. அரண்மனை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. சுற்றிலும் கரிசல் காடு, தலைக்கு மேல் கந்தக வெயில். இப்படி ஓர் ஊர் மாவட்டத் தலைநகரானது எப்படி? வியாபாரத்தால் என்பார்கள். அது பாதி உண்மைதான். மீதி உண்மை ஒரு கைப்பிடி அரிசியில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில், இன்றைய விருதுநகரான விருதுபட்டியின் பேட்டையில் மாட்டுவண்டிகள் வந்து இறங்கும். பஞ்சு, வத்தல், மல்லி, பருப்பு என்று எந்தச் சரக்கு கைமாறினாலும், நாடார் வணிகர்கள் அதில் ஒரு சிறு பங்கை மகமையாகப் பொது நிதிக்கு ஒதுக்கினார்கள். கோயில் வாசலில்கூடத் தடுத்து நிறுத்தப்பட்ட சமூகம் அது. தன் பிள்ளைகளுக்குத் தானே பள்ளி கட்டிக்கொண்டது. 1880களில் சத்திரிய வித்தியாசாலை பிறந்தது. சமைக்கும் முன் வீட்டுப் பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசி அதைத் தாங்கியது.

1903இல் இவ்வூரில் பிறந்த காமராசர் அந்தப் பள்ளியில் படித்தவர். படிப்பைப் பாதியில் விட்ட அவர் முதலமைச்சரானதும் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மதியச் சோறும் போட்டார். அந்தச் சோற்றில் விருதுபட்டியின் பிடி அரிசி மணக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

சோறு போட்டவரைத் தந்த ஊர்தான் சோறு துறந்தவரையும் தந்தது. சென்னை மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வேண்டும் என்பது உள்ளிட்ட 12 கோரிக்கைகளோடு, 1956 ஜூலை 27 அன்று சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது முதலமைச்சர் அதே ஊர்க்காரர். ஊரின் தேசபந்து மைதானத்தில் மெலிந்துகொண்டே போன அந்த முதியவரின் உயிர், அக்டோபரில் மதுரை மருத்துவமனையில் பிரிந்தது. அவர் கேட்ட பெயர் 1969 பொங்கல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது.

வியாபாரத்தால் வளர்ந்த ஊர் தலைநகராவது இங்கு மட்டும் நடந்ததல்ல. வேல்ஸ் நாட்டின் கார்டிஃபும் நிலக்கரி ஏற்றுமதியால் வளர்ந்து, 1955இல்தான் தலைநகர் என்ற தகுதியைப் பெற்றது. விருதுநகருக்கு மாவட்டத் தலைநகர் என்ற தகுதி மேலும் 30 ஆண்டு கழித்து வந்தது. 1985 மார்ச்சில் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த காமராசர் மாவட்டம், 1997இல் ஊர்ப் பெயரையே ஏற்றது.

விருதுபட்டி 'விருதுநகர்' எனப் பெயர் மாறியது 1923இல். அதற்கு முந்தைய ஆண்டுதான், இன்று இதே மாவட்டத்தில் உள்ள சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. மானாவாரி பொய்த்த குடும்பங்களுக்கு அடுப்பெரிய வழி பிறந்தது.

இன்றும் உளுந்து, துவரை, நல்லெண்ணெய் விலைக்கு வியாபாரிகள் விருதுநகர் நிலவரத்தைப் பார்க்கிறார்கள். பொழுது சாய்ந்தால் எண்ணெய் பரோட்டா கல்லில் பொரிகிறது. பங்குனிப் பொங்கலுக்குப் பராசக்தி மாரியம்மன் கோயிலுக்கு ஊரே அக்கினிச் சட்டி ஏந்துகிறது.

ஆனால் பட்டாசு ஆலை ஒன்று வெடித்துச் சிதறும் நாளில், மருந்து கலந்த கைகள் கருகிப்போகின்றன. அந்தக் கைகளை நம்பியிருந்த பிள்ளைகளை அரசின் நிவாரணக் காசோலை எத்தனை வகுப்பு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்? இங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு பட்டாசுப் பெட்டிக்கும் ஒரு மகமை எடுத்துவைத்தால், அவர்கள் கடைசி வகுப்பு வரை படித்து முடிப்பார்கள். மூட்டைக்கு மகமை வைத்துப் பள்ளி கட்டிய மண்ணுக்கு, இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.