உடலைப் படம் பிடித்தவர்கள் – 17: செல்லின் வெளிப்பக்கம்

புராஸ்டேட் புற்றுநோய்தான் என்று பயாப்சி உறுதி செய்த பிறகு, சிகிச்சையைத் தீர்மானிக்கும் பெரிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. நோய் சுரப்பிக்குள்ளேயே நிற்கிறதா, தாண்டிவிட்டதா? உள்ளே நின்றால் சுரப்பியை அகற்றலாம், கதிர்வீச்சு கொடுக்கலாம், முழுக் குணத்தை எதிர்பார்க்கலாம். இடுப்பு நெறிக்கட்டிக்கோ முதுகெலும்புக்கோ ஏற்கெனவே போயிருந்தால், சுரப்பியை மட்டும் எடுப்பதால் நோய் தீராது. சிறுநீரை அடக்க முடியாத அவதியும் ஆண்மைக் குறைவும்தான் அந்த மனிதருக்கு மிஞ்சக்கூடும்.

இதற்கு விடை சொல்லப் பல ஆண்டுகளாக இருந்தவை சி.டி. ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும்தான். சி.டி. ஒரு நெறிக்கட்டியைச் சந்தேகிப்பது அதன் அளவை வைத்து. புற்றுச்செல்கள் குடியேறியும் வீங்காத கட்டி அதன் கண்ணுக்கு நல்ல கட்டி. எலும்பு ஸ்கேன் புற்றுச்செல்லைக் காட்டுவதே இல்லை. சேதமடைந்த எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள முயல்வதைக் காட்டுகிறது. மூட்டுத் தேய்மானமும் பழைய எலும்பு முறிவும்கூட அதில் கருத்துத் தெரியும்.

பெட் ஸ்கேன் வேறு வழியில் போனது. கதிரியக்க அணு ஒன்றை மருந்தில் கட்டி ஊசியாகப் போடுகிறார்கள். அந்த அணு பாசிட்ரானை வெளிவிடுகிறது. பாசிட்ரான் பக்கத்திலுள்ள எலெக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. உடலைச் சுற்றி வளையமாக நிற்கும் உணரிகள் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், அவற்றை இணைக்கும் கோட்டில் எங்கோ அந்த அணு இருந்தது என்று தெரிந்துவிடும். இப்படிச் சேரும் எண்ணற்ற கோடுகளிலிருந்து கணினி படத்தைக் கட்டுகிறது. ஆனால் தனியாக எடுத்த பெட் படம், இருட்டில் தூரத்து ஊரின் விளக்குகளைப் பார்ப்பது போலத்தான். விளக்கு தெரியும், அது எந்தத் தெரு என்று தெரியாது. இயற்பியலாளர் டேவிட் டவுன்சென்டும் பொறியாளர் ரொனால்டு நட்டும் பெட்டையும் சி.டி.யையும் ஒரே இயந்திரத்தில், ஒரே படுக்கையில் இணைத்தார்கள். முதல் மாதிரி இயந்திரம் 1998இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யத் தொடங்கியது. ஒளிரும் புள்ளி எந்த எலும்பில், எந்த ரத்தக்குழாயின் ஓரத்தில் என்று அதன்பின் சுட்டிக்காட்ட முடிந்தது.

மற்றப் பல புற்றுநோய்களுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. அவை குளூக்கோஸை அடங்காப் பசியோடு உறிஞ்சுவதால், கதிரியக்கம் ஏற்றிய குளூக்கோஸே அவற்றைக் காட்டிக்கொடுத்தது. புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாக வளர்வது. அதற்குச் சர்க்கரை மேல் அத்தனை நாட்டமில்லை. போதாக்குறைக்கு, அந்த மருந்து சிறுநீர்ப்பையில் வந்து தேங்கும். புராஸ்டேட் இருப்பதோ சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே. இயந்திரம் தயாராக இருந்தும், அதற்கேற்ற மருந்து இல்லை.

அந்த மருந்தின் கதை இயந்திரத்தின் கதையைவிட நீளமானது. எனக்கு அதிக வியப்பைத் தந்ததும் அதுதான். 1977இல் அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில், 50 வயதுப் புராஸ்டேட் புற்றுநோயாளி ஒருவரின் கழுத்தடி நெறிக்கட்டியிலிருந்து ஊசியால் சில செல்களை எடுத்தார்கள். அவை ஆய்வகத்தில் பிழைத்து, பெருகி, இன்றுவரை உலகெங்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. 1987இல் ஜூலியஸ் ஹோரோஷெவிச்சும் சகாக்களும் அந்தச் செல்களைக் கொண்டே ஓர் ஆன்டிபாடியை உருவாக்கினார்கள். அது பற்றிக்கொண்ட புரதம்தான் பி.எஸ்.எம்.ஏ. புராஸ்டேட் புற்றுச்செல்லின் சவ்வில் இது மிக அதிகமாக இருக்கும். நாம் ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. வேறு, இது வேறு.

அந்த ஆன்டிபாடியில் இண்டியம்-111 ஏற்றித் தயாரித்த ஸ்கேன் மருந்துக்கு 1996இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. படங்கள் ஏமாற்றின. காரணம் பிறகுதான் புரிந்தது. பி.எஸ்.எம்.ஏ. புரதம் சவ்வைத் துளைத்து நிற்கிறது. பெரும்பகுதி செல்லுக்கு வெளியே, சிறு வால் உள்ளே. ஆன்டிபாடி பிடித்தது அந்த உள் வாலை! உயிரோடுள்ள செல்லுக்குள் அவ்வளவு பெரிய ஆன்டிபாடி நுழைய முடியாது. செத்து உடைந்த செல்களில்தான் ஒட்டும். தேடிப்போனது உயிருள்ள புற்றை. கிடைத்ததோ அதன் பிணம்.

வெளியே நிற்கும் பகுதி ஒரு நொதியாக வேலை செய்கிறது என்பதே அடுத்த கதவைத் திறந்தது. நொதியின் குழிக்குள் கச்சிதமாகப் போய் உட்காரும் சிறு மூலக்கூறுகளை வேதியியலாளர்கள் செய்தார்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில், ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தினர் அப்படியொரு மூலக்கூறில் காலியம்-68 அணுவைப் பொருத்தி, 2011இல் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். மூலக்கூறு சின்னது, ரத்தத்திலிருந்து சீக்கிரம் வடிந்துவிடும். பழைய ஆன்டிபாடிக்குப் பிறகு நாட்கணக்கில் காத்திருந்தவர்கள், இப்போது ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் படம் எடுத்தார்கள். காலியம்-68இன் அரை ஆயுள் 68 நிமிடம்தான். ஆனால் அதைச் சுரக்கும் தாய் அணுவான ஜெர்மானியம்-68இன் அரை ஆயுள் 271 நாள். அதனால் கதிரியக்க அணுக்களைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இல்லாத மருத்துவமனையும் ஒரு சிறு ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மருந்தைக் கறந்துகொள்ளலாம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி பெற்றவை மருந்து நிறுவனங்கள் அல்ல. கலிஃபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழகங்கள். இதையும் சொல்லியாக வேண்டும்.

உண்மையான பரீட்சை ஆஸ்திரேலியாவில் நடந்தது. மெல்பர்னின் பீட்டர் மெக்கல்லம் மையத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹாஃப்மன் தலைமையில், நோய் பரவும் ஆபத்து அதிகமுள்ள 302 ஆண்கள் 10 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு முதலில் பழைய ஸ்கேன்கள், மறுபாதிக்கு முதலில் பி.எஸ்.எம்.ஏ. பெட்–சி.டி. 2020 மார்ச்சில் லான்செட் இதழில் முடிவு வெளியானது: துல்லியம் பழைய முறைக்கு 65 விழுக்காடு, புதியதற்கு 92. சிகிச்சைத் திட்டத்தை மாற்ற வைத்தது பழையது 15 விழுக்காட்டினருக்கு, புதியது 28 விழுக்காட்டினருக்கு. உடலில் ஏறிய கதிர்வீச்சும் பாதிக்குக் குறைவு: 19.2 மில்லிசீவர்ட்டுக்குப் பதில் 8.4.

இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். பி.எஸ்.எம்.ஏ. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கண்ணீர்ச் சுரப்பியிலும் சிறுகுடலிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. அவை எல்லாருக்கும் ஒளிரும். வயிற்றின் பின்புறமுள்ள நரம்புமுடிச்சுகள் நெறிக்கட்டி போலவே தோன்றி அனுபவமில்லாத கண்ணை ஏய்க்கும். விலா எலும்பில் தெரியும் ஒற்றை மங்கல் புள்ளி பல நேரம் ஒன்றுமே இல்லை. சில புராஸ்டேட் புற்றுகளிலோ இந்தப் புரதம் போதிய அளவு இருப்பதில்லை. அனுமதி பெற்ற அந்தக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வில், ஸ்கேனுக்குப் பிறகு அறுவை செய்துகொண்ட 277 பேரின் நெறிக்கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இடுப்பு நெறிக்கட்டிக்கு நோய் பரவியிருந்தவர்களில் 40 விழுக்காட்டினரைத்தான் ஸ்கேன் கண்டுபிடித்திருந்தது. நோய் பரவாதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாகவே சொல்லியிருந்தது. ஸ்கேன் 'இருக்கிறது' என்றால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்றால் மிகச் சிறிய படிவுகளுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

ஆகவே ஐம்பதைத் தாண்டிய வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுநீர் கழிப்பதில் சிரமம் என்றவுடன் நீங்களாக ஸ்கேன் மையத்துக்குப் போய் இந்தப் பரிசோதனையைக் கேட்காதீர்கள். வயதோடு வரும் சாதாரண சுரப்பி வீக்கமே பெரும்பாலும் அதற்குக் காரணம். முதலில் சிறுநீரியல் மருத்துவர், பி.எஸ்.ஏ., தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., அதன்பின் பயாப்சி. புற்றுநோய் உறுதியாகி, பரவும் ஆபத்து அதிகம் என்று சொல்லப்பட்டால், அறுவைக்கு நாள் குறிக்கும் முன் பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். எடுத்தால், பழைய ஸ்கேன் படங்களையும் பயாப்சி அறிக்கையையும் கூடவே கொண்டுபோங்கள்.

(தொடரும்)