சேர்ந்து பாடும் பிள்ளைகள்



சேலம் மாநகரின் பழைய பகுதியிலுள்ள ஒரு பள்ளி வகுப்பறையைச் சற்றே மனக்கண்முன் கொண்டு வாருங்கள். முதல் வரிசைச் சிறுவனின் வீட்டில் தெலுங்கு. அவனுக்கு அடுத்தவன் வீட்டில் கன்னடம். சன்னலோரச் சிறுமியின் வீட்டில் சௌராஷ்டிரம். கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் நம் பிள்ளை வீட்டில் பேசுவது உருது. நம்மவரிலேயே தமிழ் பேசுவோர் ஒருபுறம், உருது பேசுவோர் மறுபுறம் என்று பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குகிறோமே, அதை யாரிடம் சொல்லி ஆறுவது? நாமக்கல் பக்கத்துச் சிற்றூர்களிலோ மொழி ஒன்றுதான், தெருக்கள் வேறு. பள்ளி மணி அடித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தத்தம் தெருவுக்குள் மறைந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மத்ரஸாவில் மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்த வேளையில், அருகிலுள்ள பள்ளியின் ஆசிரியை ஒருவர் வந்தார். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு பாட்டுக் குழு அமைத்திருப்பதாகவும், ஐந்து பாடல்களை ஒலிப்பதிவு செய்யப் போவதாகவும் கூறினார். மீலாது மேடையில் பைத் ஓதிய நம் சிறுவர் நால்வரை இரண்டு மாதங்களுக்கு அனுப்பித் தர இயலுமா என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன். ஓதும் நேரம் கெடும் என்று காரணமும் சொன்னேன். மெய்யான காரணம் அதுவன்று. மஹல்லாவில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சமே. சுதந்திர தினத்தன்று அப்பாடல்கள் பள்ளி ஒலிபெருக்கியில் ஒலித்தபோது, அந்நால்வரும் மத்ரஸா வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஐந்து பாடல்களையும் பிழையின்றி முணுமுணுத்தான். வகுப்புத் தோழனோடு வீடு திரும்பும் வழியில் கேட்டுக் கேட்டே கற்றிருக்கிறான்!

அந்த முகம் என்னை விடவில்லை. அதன் பின்னரே, பிள்ளைகளைச் சேர்ந்து பாட வைப்பதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்ட ஒருவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர்தாம் எம்.பி. சீனிவாசன்.

1925-ஆம் ஆண்டு சித்தூரில் பிறந்தவர் அவர். நம் நாகூர் ஹனீபா அவர்கள் பிறந்ததும் அதே ஆண்டுதான் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்ட சீனிவாசன், பின்னர் திரைப்பட இசையமைப்பாளர் ஆனார். 1960-இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்தின் இசை அவருடையது. இசைக் கருவி வாசிப்போருக்கு உரிய ஊதியம் கிடைக்க வேண்டும் என்று சங்கம் அமைத்துப் பாடுபட்டவரும் அவரே. அவருடைய துணைவியார் ஜஹீதா, டாக்டர் சைபுத்தீன் கிச்சலுவின் மகளார். கிச்சலு யார் என்பதை இளைய வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1919 ஏப்ரல் 9 அன்று அமிர்தசரஸில் இராமநவமி ஊர்வலத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக நடந்தார்கள். ஒரே குவளையில் நீர் அருந்தினார்கள். மறுநாளே கிச்சலுவும் டாக்டர் சத்தியபாலும் கைது செய்யப்பட்டனர். ஏப்ரல் 13 அன்று ஜாலியன் வாலாபாக்கில் கூடிய மக்களில் பலர், அக்கைதுகளை எதிர்த்துக் கூடியவர்கள்.

சீனிவாசனின் இசை வாழ்வில் ஒரு நாள் தனியே நினைக்கத் தக்கது. 1961 நவம்பர் 14 அன்று சென்னையில் ஒரு மலையாளப் படத்திற்காக, இருபத்தோரு வயது இளைஞர் ஒருவரை அவர் ஒலிவாங்கி முன் நிறுத்தினார். பாடிய வரிகள் ஸ்ரீநாராயண குருவினுடையவை. சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இல்லாத வாழ்வைப் பற்றியவை. பாடியவர் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த யேசுதாஸ். அவருடைய முதல் ஒலிப்பதிவு அதுவே.

ஆயினும், தனிக் குரலைப் புகழேணியில் ஏற்றிய அக்கைகள் பின்னர் விரும்பி வளர்த்தது தனிக் குரலையன்று, கூட்டுக் குரலை. 1970-களில் அவர் வளர்த்தெடுத்த சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு, பாரதியார் பாடல்களோடு இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களையும் பாடியது. 1980-களில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, பள்ளிகளில் சேர்ந்து பாடும் திட்டத்தை மேற்கொண்டபோது அவரும் அதில் பங்காற்றினார். ஆசிரியர்கள் முகாம்களில் பல மொழிப் பாடல்களைக் கற்று, தத்தம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். ஒரு மொழிப் பிள்ளைக்கு மற்றொரு மொழி முதன்முதலில் இலக்கணமாக வராமல் மெட்டாக வந்தது.

சேர்ந்திசை என்பது எல்லாரும் ஒரே மெட்டைக் கத்திப் பாடுவதன்று. ஒரு பகுதியினர் மேல் சுரத்திலும் மற்றொரு பகுதியினர் கீழ்ச் சுரத்திலும் நிற்க, இரண்டும் ஒன்றையொன்று தாங்கிச் செல்லும். நீண்ட சுரம் வரும்போது எல்லாரும் ஒருசேர மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். ஆகவே ஒருவன் மூச்சு வாங்கும்போது பக்கத்திலிருப்பவன் சுரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் வாங்கும்போது இவன். ஆக, பக்கத்தில் நிற்பவன் எப்போது மூச்சு வாங்குகிறான் என்பதைக் கவனித்துக்கொண்டே பாடியாக வேண்டும். அடுத்த தெருக்காரனின் மூச்சைக் கவனிக்கும் பழக்கம் வேறெந்தப் பாடத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது?

ஒலிப்பதிவு வந்துவிட்டால் ஒழுங்கு இன்னும் கூடுகிறது. இன்றைய திரைப்பாடலில் ஒவ்வொருவரும் தனித்தனி நாளில் வந்து பாடிச் செல்லலாம். கருவி அவற்றை ஒட்டிவிடும். பிள்ளைகளின் குழுவுக்கு அது பொருந்தாது. பொதுவான ஓரிரு ஒலிவாங்கிகளின் முன் யாவரும் ஒன்றாக நிற்க வேண்டும். குரல் ஓங்கியவன் பின்வரிசைக்குப் போவான். மெல்லிய குரலுடையவள் முன்னே வருவாள். ஒருவன் இருமினால் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். முடிந்தபின் ஒலிக்கவிட்டுக் கேட்டால், தன் மகனின் குரல் எதுவென்று பெற்ற தாயாலும் எளிதில் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

உலகில் வேறிடங்களிலும் இதனை முயன்றிருக்கிறார்கள். பாலஸ்தீன அறிஞர் எட்வர்டு செய்தும், யூத இசைஞர் டேனியல் பேரன்பாயிமும் 1999-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் அரபு, இஸ்ரேலிய இளைஞர்களை ஒரே இசைக் குழுவில் அமர்த்தினர். செய்த் 2003-இல் காலமானார். 2005 ஆகஸ்டில் அக்குழு ரமல்லாவில் வாசித்தது. உறுப்பினர்கள் எல்லை கடக்க ஸ்பெயின் அரசு ராஜதந்திரக் கடவுச்சீட்டு அளிக்க வேண்டியிருந்தது. அந்த நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்பட்டு இசைத்தட்டாகவும் வெளிவந்தது. அதனால் பாலஸ்தீனத்தின் துயர் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. இது சமாதானத் திட்டமன்று, ஒருவரையொருவர் அறியாதிருப்பதற்கு எதிரான முயற்சியே என்பதைப் பேரன்பாயிமே பலமுறை கூறியிருக்கிறார். அந்த அளவே கேட்போம்.

நம்மவர் எழுப்பும் வினாவை நான் மறைக்கவில்லை. இசைக் கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கருவிகளைத் தவிர்ப்போரை நான் மதிக்கிறேன். ஆனால் சேர்ந்திசையின் உயிர் குரல். கருவியே இல்லாமலும் அது நடக்கும். பெருநாள் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதையும், அபூபக்கர் (ரலி) கடிந்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் ஹதீஸ் படிக்கும் மாணவர் அனைவரும் அறிவர். அதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன்; நடத்திவிட்டுத்தான் அந்த நால்வரையும் வாயிலில் நிறுத்தினேன்!

எம்.பி. சீனிவாசன் 1988 மார்ச்சில் காலமானது இலட்சத்தீவில். மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களாக வாழும் அத்தீவுகளுக்குச் சேர்ந்திசைப் பணியின் பொருட்டுச் சென்றிருந்த இடத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவர் வளர்த்த சென்னைக் குழு அதன் பிறகும் பாடியது.

அந்த ஆசிரியை இவ்வாண்டும் வந்தார். மறுமுறை கேட்க அவருக்கு மனம் வந்ததே பெரிது. இம்முறை அவரை முத்தவல்லி அவர்களிடம் அழைத்துச் சென்றேன். அவர் விதித்தவை இரண்டு: தொழுகை நேரத்தில் ஒத்திகை கூடாது, பாடல்களின் சொற்களை முன்கூட்டியே காட்ட வேண்டும். ஆசிரியை இரண்டுக்கும் உடனே இசைந்து, பையிலிருந்து பாடல் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். பெற்றோர் ஒருவர் மட்டும் இன்னும் ஒப்பவில்லை. அவரிடம் ஜும்ஆ முடிந்ததும் நானே பேசுவதாக இருக்கிறேன். சென்ற முறை அவர் கேட்டது நால்வரை. பட்டியலில் இப்போது ஒன்பது பெயர்கள் எழுதியிருக்கிறேன்.