கழிவும் ஒரு சரக்குதான்!

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்துக்கு வடக்கே வெஸ்ட்லாந்து என்றொரு பகுதி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடிக் கூரைகள். உள்ளே தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி. செடி வளரக் கரியமில வாயு வேண்டும். வெளிக்காற்றில் அது வெறும் 0.04 சதவீதம். கண்ணாடிக் கூரைக்குள் அதை இரண்டு மடங்காக்கினால் மகசூல் கூடும். அதற்காகவே அங்குள்ள விவசாயிகள் கோடைக்காலத்திலும் இயற்கை எரிவாயுவைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கதகதப்புக்காக அல்ல, புகைக்காக! அதே நேரத்தில், சில கிலோமீட்டர் தள்ளி, துறைமுகத்தின் பெர்னிஸ் பகுதியில் இருக்கும் ஐரோப்பாவின் மிகப் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இதே வாயுவைப் புகைபோக்கி வழியாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

2005-ல் 'ஓகாப்' என்ற நிறுவனம் இந்த இரண்டு தரப்பையும் இணைத்தது. ரோட்டர்டாமிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு எண்ணெய் கொண்டுபோகப் பதித்து, பிறகு பயன்பாடில்லாமல் மண்ணுக்குள் கிடந்த சுமார் 85 கிலோமீட்டர் குழாய்தான் அதன் மூலதனம். இன்று அந்தக் குழாய் வழியே ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் கரியமில வாயு நூற்றுக்கணக்கான பசுமைக்குடில்களுக்குப் போகிறது. இது முழுத் தீர்வல்ல. செடிகள் உண்டது போக மிச்ச வாயு காற்றில்தான் கலக்கிறது. ஆனால், புகைக்காகவே எரிவாயுவைக் கொளுத்தும் கூத்து குறைந்தது.

எடு, செய், பயன்படுத்து, தூக்கிப்போடு என்று ஒரே திசையில் ஓடும் பொருளாதாரத்தை மடக்கி, கடைசியில் மிஞ்சுவதை மறுபடி முதலுக்கே கொண்டுவருவதைத்தான் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்கிறார்கள். 2050-க்குள் முழுமையாக அந்த நிலையை எட்டுவோம் என்று நெதர்லாந்து அரசு 2016-ல் இலக்கு வைத்தது. ஆனால், இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வீட்டுக் குப்பைத் தொட்டியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. உண்மையான கணக்கு தீர்வது துறைமுகங்களில்தான்.

ஏன் துறைமுகம்?

கழிவு மலிவானது, கனமானது. லாரியில் நூறு கிலோமீட்டர் கொண்டுபோனால் வாடகையே அதன் விலையைத் தின்றுவிடும். கப்பலிலும் படகிலும் போனால் மட்டுமே கட்டுப்படியாகும். அடுத்து, அக்கம்பக்கம். கச்சா எண்ணெயும் இரும்புத்தாதும் கப்பலில் வருவதால், சுத்திகரிப்பு ஆலை, எஃகு ஆலை, ரசாயன ஆலை, அனல்மின் நிலையம் எல்லாம் துறைமுகத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஒருவரின் வெந்நீரும் புகையும் சாம்பலும் வாங்குவதற்கு அடுத்த வேலிக்குள்ளேயே ஆள் இருக்கிறார்.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது: நிலம். ரோட்டர்டாம் துறைமுகம் நகரத்திலிருந்து கடல் வரை 40 கிலோமீட்டருக்கு நீள்கிறது. நிர்வாகத்தின் பங்குகளில் சுமார் 70 சதவீதம் மாநகராட்சியிடம், மீதி மத்திய அரசிடம். கப்பல்கள் கட்டும் துறைமுகக் கட்டணத்தைவிட, ஆலைகள் கட்டும் நிலக் குத்தகையில்தான் அதற்கு வருமானம் அதிகம். குத்தகைக்கு விடுபவர் யாருக்கு இடம் தருவது, யார் பக்கத்தில் யாரை வைப்பது, என்ன நிபந்தனை போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகம் அதைச் செய்தது. அங்கிருந்த ஓப்பல் கார் தொழிற்சாலை 2010-ல் மூடப்பட்டது. காலியான 88 ஹெக்டேர் நிலத்தைத் துறைமுக நிர்வாகம் வாங்கி, சுழற்சிப் பொருளாதாரத் தொழில்களுக்கென்றே ஒதுக்கியது. கன்டெய்னர் அடுக்கும் களமாக்கியிருந்தால் வருமானம் உடனே வந்திருக்கும்.

முயல் புழுக்கையிலிருந்து எத்தனால்

அதே பெல்ஜியத்தில் கென்ட் துறைமுகம். கடலிலிருந்து உள்ளே தள்ளி, 32 கிலோமீட்டர் கால்வாய் வழியாகக் கப்பல்கள் வந்துபோகும் இடம். அங்கே ஆர்சிலர்மிட்டல் நிறுவனத்தின் எஃகு ஆலை. இரும்புத்தாதை உருக்கும் ஊதுலையிலிருந்து கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு ஓயாமல் வெளிவரும். எஃகு ஆலைகள் வழக்கமாக அதை எரித்து மின்சாரம் எடுக்கும். கடைசியில் அது கரியமில வாயுவாகக் காற்றில் சேரும்.

2022 டிசம்பரில் அங்கே 'ஸ்டீலனால்' என்ற ஆலை திறக்கப்பட்டது. முதலீடு 20 கோடி யூரோ. ஊதுலை வாயுவைச் சுத்தம் செய்து, பாக்டீரியாக்கள் வாழும் நீர்த்தொட்டிகளுக்குள் செலுத்துகிறார்கள். நமக்கு நஞ்சான கார்பன் மோனாக்சைடு அந்த பாக்டீரியாவுக்கு உணவு. தின்று முடித்து அது வெளியே தள்ளுவது எத்தனால். கள் புளிப்பதைப் போன்ற நொதித்தல்தான். சர்க்கரைக்குப் பதில் புகை. இந்த வகை பாக்டீரியா முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது முயல் புழுக்கையிலிருந்து! ஆலையின் திறன் ஆண்டுக்கு 8 கோடி லிட்டர். எரிபொருளில் கலக்கலாம், ரசாயனங்கள் தயாரிக்கலாம்.

கால்வாயின் மறுமுனையில், நெதர்லாந்து எல்லைக்குள், டெர்னூசன். அங்கே நிலத்தடி நீர் உவர்ப்பு. நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. டவ் ரசாயன ஆலை 2007 முதல் ஊரின் கழிவுநீரைச் சுத்திகரித்து வாங்கி, முதலில் நீராவிக்கும், பிறகு அதையே குளிர்விப்பதற்கும் பயன்படுத்துகிறது. உலக மாநாடுகளில் இதை முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். நம் மணலிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெயை நம்பியிருக்கும் மணலி சுத்திகரிப்பு ஆலையும், பக்கத்திலுள்ள உரத் தொழிற்சாலையும் 1990-களிலிருந்தே சென்னையின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தி வருகின்றன. தண்ணீர்ப் பஞ்சம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. இப்போது கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையமும் அந்த வட்டாரத் தொழிற்சாலைகளுக்காக இயங்குகிறது.

அதே கிரேன், அதே வாசல்

இதுவரை சொன்னது ஒரு பக்கம். கழிவைச் சரக்காக்கும் துறைமுகமே, சரக்கு என்ற பெயரில் கழிவைக் கடத்தும் வாசலாகவும் இருக்கிறது.

ஆசியாவிலிருந்து பொருள்களை ஏற்றிச் செல்லும் கன்டெய்னர்களில் ஏராளமானவை திரும்பும்போது காலி. காலியாக வருவதைவிட எதையாவது ஏற்றி வந்தால் லாபம் என்பதால், அந்தத் திசையில் வாடகை மிகக் குறைவு. ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கள் பிளாஸ்டிக் குப்பையையும் கழிவுக் காகிதத்தையும் 'மறுசுழற்சிக்கு' என்று கிழக்கே அனுப்பியதன் ரகசியம் இதுதான். 2018 ஜனவரியில் சீனா 24 வகைக் கழிவுகளுக்குத் தடைபோட்டதும், கன்டெய்னர்கள் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் என்று வழிமாறின.

கொழும்புத் துறைமுகம் இதன் கசப்பை நேரடியாக அனுபவித்தது. 2017 முதல் 2019 வரை பிரிட்டனிலிருந்து 263 கன்டெய்னர்கள் வந்தன. ஆவணங்களில் பழைய மெத்தைகள், கம்பளங்கள் என்றிருந்தது. திறந்து பார்த்த சுங்கத் துறையினர், உள்ளே மருத்துவமனைக் கழிவும் இருப்பதாகச் சொன்னார்கள். வழக்கு நடந்தது. சுமார் 3,000 டன் குப்பையில் கடைசித் தொகுதி 2022 பிப்ரவரியில்தான் பிரிட்டனுக்குத் திரும்பியது. அதுவரை துறைமுகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நாறியது இலங்கைக்காரர்களின் நஷ்டம்.

நாடுவிட்டு நாடு கழிவு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின் பிளாஸ்டிக் திருத்தங்கள் 2021-ல் நடைமுறைக்கு வந்தன. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்புக்கு வெளியே பிளாஸ்டிக் கழிவை அனுப்புவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடைக்கான தேதி 2026 நவம்பர். சட்டம் காகிதத்தில் இருக்கும். கன்டெய்னரைத் திறந்து பார்க்கும் ஆள் துறைமுகத்தில் இருந்தால்தான் அதற்கு உயிர்.

கப்பலின் சொந்தக் குப்பைக்கும் இதே தர்க்கம். எடைபோட்டுக் காசு கேட்டால், கேப்டன் கடலில் கொட்டிவிட்டு வெறுங்கையுடன் வருவார். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 விதி, குப்பையை இறக்கினாலும் இறக்காவிட்டாலும் ஒவ்வொரு கப்பலும் கட்டணம் செலுத்த வேண்டும் என்கிறது. காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று; கடலில் கொட்டுவதால் மிச்சம் எதுவும் இல்லை.

கப்பலே பழைய இரும்பானால்?

சுழற்சியின் மிகப் பெரிய காயலான் கடை நம் நாட்டில், குஜராத்தின் அலங் கடற்கரையில் இருக்கிறது. 1983-ல் முதல் கப்பல் அங்கே உடைக்கப்பட்டது. பெரிய ஓதம் ஏறும் நாளில் கப்பலை மணலில் ஏற்றிவிடுவார்கள். நீர் வடிந்ததும் கேஸ் கட்டருடன் தொழிலாளர்கள் இறங்குவார்கள். வெட்டிய தகடுகளில் நல்லவற்றை உருக்கக்கூட வேண்டாம். சூடேற்றி உருட்டினால் கட்டுமானக் கம்பி தயார். கட்டில், நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் சாலையோரக் கடைகளுக்குப் போகும். மும்பையில் 2014-ல் உடைக்கப்பட்ட 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பலின் எஃகில் ஒரு பகுதி, 2016-ல் பஜாஜ் 'வி' பைக்கானது பலருக்கு நினைவிருக்கும்.

எதுவும் வீணாவதில்லை என்று பெருமைப்படலாம். ஆனால் கல்நார் தூளும் எண்ணெய்ச் சகதியும் யார் நுரையீரலில், எந்த மணலில் சேர்ந்தன என்பதும் கணக்கில் வர வேண்டும். 2009-ல் ஏற்கப்பட்ட ஹாங்காங் உடன்படிக்கை, கப்பலில் உள்ள அபாயகரப் பொருள்களுக்குப் பட்டியல் கேட்கிறது. உடைக்கும் களத்துக்கு அனுமதி கேட்கிறது. அது அமலுக்கு வர 2025 ஜூன் 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டன் கணக்கு

இவ்வளவு நல்ல விஷயம் என்றால் ஏன் வேகமாக நடக்கவில்லை? காசுதான் காரணம். புதிய பிளாஸ்டிக் மலிவாகக் கிடைக்கும்போது, மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கை அதிக விலைக்கு வாங்க ஆளில்லை. கழிவு எண்ணெயிலிருந்து ஆண்டுக்கு 8.2 லட்சம் டன் எரிபொருள் தயாரிக்க ரோட்டர்டாமில் ஷெல் கட்டிக்கொண்டிருந்த ஆலை 2024-ல் பாதியில் நின்றது. கட்டுப்படியாகாது என்று 2025 செப்டம்பரில் கைவிட்டார்கள்.

இன்னொரு முரண், துறைமுகத்தின் அடிமடியிலேயே இருக்கிறது. ரோட்டர்டாம் கையாளும் 40 கோடிக்கும் அதிகமான டன் சரக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கச்சா எண்ணெய், எண்ணெய்ப் பொருள்கள், நிலக்கரி, எரிவாயு. பழையதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உலகில் இந்தச் சரக்கு சுருங்கும். தன் வாடிக்கையைத் தானே குறைத்துக்கொள் என்று ஒரு கடைக்காரரிடம் கேட்பதற்குச் சமம் இது. நம் துறைமுகங்களும் ஒவ்வொரு ஏப்ரலிலும் வெளியிடும் பெருமைச் செய்தி ஒன்றே ஒன்றுதான்: சென்ற ஆண்டைவிட இத்தனை டன் அதிகம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் ஆண்டுக்கு 4 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. மகிழ்ச்சிதான். அந்தச் சரக்கில் எவ்வளவு கழிவாகி எங்கே போனது என்று எந்த அறிக்கையும் சொல்வதில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்த உலர் சாம்பலை சிமென்ட் ஆலைகளும் செங்கல் சூளைக்கு மாற்றாக வந்த ஃப்ளை ஆஷ் கல் தயாரிப்பாளர்களும் வாங்கிக்கொள்கிறார்கள். சிமென்டில் 35 சதவீதம் வரை அதைக் கலக்கலாம். அதே போன்ற சாம்பல்தான் எண்ணூரில் குழாய்க் கசிவால் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்து, மீனவர்களைப் பல ஆண்டுகள் போராட வைத்தது. இரண்டுக்கும் நடுவே தொழில்நுட்ப வித்தியாசம் எதுவும் இல்லை. வாங்குபவரைத் தேடிச் சேர்ப்பதும், சேராததற்குப் பொறுப்பேற்க வைப்பதும்தான் வித்தியாசம்.

அந்தப் பொறுப்பைச் சுமத்தும் இடத்தில் இருப்பது நிலத்தின் சொந்தக்காரரான துறைமுகம். குத்தகை புதுப்பிக்க வரும் ஒவ்வொரு ஆலையிடமும் 'உன் கழிவு என்ன, அதை வாங்குவது யார்?' என்று கேட்கலாம். பதில் இல்லாதவருக்கு வாடகையை உயர்த்தலாம். பக்கத்து ஆலையின் கழிவை வாங்குபவருக்குக் குறைக்கலாம். ஆண்டறிக்கையில் டன் கணக்குக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம். பாக்டீரியாத் தொட்டி கட்ட 20 கோடி யூரோ தேவைப்பட்டது. குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதப் பேனா போதும்.