தட்டை முகத்துத் தோழன்

பதுளையிலிருந்து பசறை வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் லுணுகலை அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் நாயில்லாத லயத்தைக் காண்பது அரிது. அவை பெரும்பாலும் நீண்ட மூக்கும் மெலிந்த உடலும் உடைய நாட்டு நாய்கள். இரவில் காவல் காக்கும். காட்டுப் பன்றி வந்தால் குரைத்து எழுப்பும். கிடைத்ததை உண்டு வாழும். அண்மைக் காலத்தில் இவற்றினிடையே ஒரு புதிய விருந்தாளியும் வந்து சேர்ந்திருக்கின்றது. சப்பை மூக்கும், துருத்திய கண்களும், சுருக்கம் விழுந்த நெற்றியும் கொண்ட அதன் பெயர் ‘பக்’ என்பதாகும். கொழும்பிலே தொழில் புரியும் மகனோ மகளோ முதிய பெற்றோருக்குத் துணையாக இதனை வாங்கி வருவதுண்டு. அன்போடு வந்த இவ்வுயிரை எவ்வாறு பேணுவது என்பதே இன்றைய பொருள்.

பக் நாயின் பூர்வீகம் சீன தேசம். அரசர் மடியிலே வளர்வதற்கென்றே அங்கு இத்தகைய சிறு நாய்கள் பேணப்பட்டன. பதினாறாம் நூற்றாண்டளவில் அது ஐரோப்பாவை அடைந்து, ஒல்லாந்து அரச குடும்பத்தின் செல்லப் பிராணியாயிற்று. இதன் உறவினமான பெக்கினீஸ் நாயின் கதை துயரமானது. 1860ஆம் ஆண்டு ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகரின் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடியபோது, அங்கிருந்த ஐந்து நாய்களையும் எடுத்துச் சென்றன. அவற்றுள் ஒன்று விக்டோரியா மகாராணிக்குக் காணிக்கையாயிற்று. அதற்கு இடப்பட்ட பெயரே கொள்ளையைக் குறிக்கும் ‘லூட்டி’ என்பது. நம் அயலிலோ, 2003ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளிவந்த ஒரு தொலைபேசி விளம்பரம் பக் நாயை வீடுதோறும் அறிமுகப்படுத்திற்று.

மனிதர் விரும்பிய இம்முக அழகுக்கு நாய் கொடுக்கும் விலை பெரிது. தலைமுறை தலைமுறையாகக் குட்டை மூக்குள்ளவற்றையே தேர்ந்து இனப்பெருக்கம் செய்ததால் முகவெலும்பு குறுகிவிட்டது. ஆனால் உள்ளிருக்கும் தசை அதற்கேற்பக் குறையவில்லை. மூக்குத் துளை ஒடுங்கியது. மெல்லண்ணம் நீண்டு மூச்சுப் பாதையை மறைத்தது. அதன் குறட்டையைக் கேட்டு நாம் சிரிக்கின்றோம். அதுவோ காற்றுக்குப் போராடுகின்றது.

நாய்க்கு மனிதரைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்து, ஈரத்தை ஆவியாக்கியே அது தன் சூட்டைத் தணிக்கின்றது. மூச்சுப் பாதை ஒடுங்கிய நாய்க்கு அந்த வழியும் பாதி அடைபட்டதே. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெப்பம் எத்தகையது என்பதை லயத்தில் வாழ்வோர் அறிவர். அவ்வேளையில் பக் நாயை அடைத்து வைப்பதும், மலையேற்றி நடத்துவதும், நிறுத்திய வாகனத்தில் விட்டுச் செல்வதும் அதன் உயிருக்கே ஆபத்தாகும். நடை அதிகாலையிலோ அந்தி சாய்ந்த பின்போ அமைதல் வேண்டும். கழுத்துப் பட்டி மூச்சுக் குழலை அழுத்துமாதலால், மார்பைச் சுற்றிக் கட்டும் வாரே சிறந்தது.

பேரிரைப்பு, வாயில் நுரை, நீலம் பாய்ந்த நாக்கு, தள்ளாட்டம் ஆகியன தோன்றினால் தாமதிக்கலாகாது. உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடலைக் குளிர்நீரால் நன்கு நனைத்து விசிற வேண்டும். அதன் பின்னரே மிருக வைத்தியரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். மயங்கிய நாயின் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது.

உணவிலும் அளவு வேண்டும். கொழுத்த பக் நாயைக் கண்டு மகிழ்வோர் பலர். கொழுப்போ அதன் மூச்சை மேலும் நெருக்கும். வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த கறிச் சோறு நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். முகச் சுருக்கங்களை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்து, பின் ஈரமின்றி ஒற்றியெடுத்தல் வேண்டும். இல்லையேல் அங்கு புண் உண்டாகும். துருத்திய கண்களைக் கவ்வாத்து மிலாறு எளிதில் கீறிவிடும். கண் சிவந்தாலோ, நாய் கண்ணை மூடியே வைத்திருந்தாலோ, அன்றே காட்டுவது நலம். மழைக்காலத்தில் புல்வெளியில் உலாவி வந்தால் அட்டை பற்றியிருக்கிறதா என மூக்கையும் விரலிடுக்கையும் பார்த்தல் வேண்டும். விசர்நாய்க்கடி நோய்க்கெதிரான தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுதல், நாய்க்கு மாத்திரமன்றி வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பாகும்.

2022ஆம் ஆண்டில் இலண்டன் அரச மிருக வைத்தியக் கல்லூரி வெளியிட்ட ஆய்வொன்று, ஏனைய நாய்களைவிடப் பக் நாய்க்கு நோய் காணும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கூறிற்று. பெரிய தலையுடைய குட்டிகளை ஈனுவதும் இந்நாய்க்கு இடர். அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதுமுண்டு. மலைப்பாதையில் நெடுந்தூரம் சென்றே வைத்தியரைக் காண வேண்டிய குடும்பம், குட்டி வாங்குமுன் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தல் கடனாகும். வாங்க எண்ணுவோர் ஓடியபின் குட்டியின் மூச்சொலியைக் கவனிக்கட்டும். விரிந்த மூக்குத் துளையும் சற்றேனும் நீண்ட முகமும் உள்ளதைத் தேர்ந்தெடுக்கட்டும். தோழமை ஒன்றே வேண்டுமெனில், லயத்து வாசலில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியும் அதனைக் குறைவின்றித் தரும்.

ஏற்கெனவே பக் நாயை வளர்ப்போர் அஞ்ச வேண்டியதில்லை. நிழலும், குளிர்நீரும், அளவான உணவும், நாளுக்கொரு முறை கூர்ந்து பார்க்கும் கண்களும் இருந்தால் அது பல்லாண்டு வீட்டாருடன் வாழும். தன் வேதனையைச் சொல்ல அதற்கு வாயில்லை. அதன் மூச்சொலியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் செவி வீட்டில் ஒருவருக்கேனும் இருத்தல் வேண்டும்.