தனி வியாபாரியும் வாராந்தர விளம்பரமும்

முதலாளி, குமாஸ்தா, கூலியாள் ஆகிய மூவரின் வேலையையும் ஒருவரே பார்க்கும் சிறு தொழில்கள் நம் தேசத்தில் எண்ணிறந்தன. புதுச்சேரிப் பட்டணத்தில் மிஷன் வீதியையும் நேரு வீதியையும் அடுத்த சந்துகளில் நுழைந்து பார்ப்போர், தையற்காரரையும், தோற்பை செய்வோரையும், ஊதுவத்தி உருட்டி விற்கும் மாதரையும் காணலாம். இவர்களிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆயினும் கையில் வேலை நிறைந்திருக்கும் காலத்தில் தம் சரக்கைப் பற்றி ஊராருக்குச் சொல்ல இவர்களுக்கு அவகாசமில்லை. வேலை தீர்ந்ததும் வாசலில் ஆளில்லை. அப்பொழுது அவசரமாய்க் கடன் வாங்கித் துண்டுப் பிரசுரம் அடிக்கிறார்கள். அதன் பயனாய்ச் சிறிது வேலை வருகிறது. உடனே விளம்பரம் நின்றுவிடுகிறது. மழையும் வறட்சியுமாய் மாறிவரும் இந்த நிலையில் மூன்று நான்கு வருஷங்கள் கழிந்தபின், ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு வேறொருவரிடம் சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இதற்கு மாறான முறையொன்று அதே ஊரில் வாரந்தோறும் நம் கண்முன் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதிக் கடைகள் பல மூடியிருக்க, அவற்றின் வாசலில் நடைபாதை வியாபாரிகள் துணியும் பாத்திரமும் பழைய புஸ்தகமும் பரப்பிச் சந்தை கூட்டுகிறார்கள். அங்கே உட்காருபவருக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சென்ற வாரம் கண்ட இடத்தில் இந்த வாரமும் அவர் இருப்பார் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே அவருடைய விளம்பரம். இரண்டு வாரம் அவர் வராவிட்டால் வாடிக்கைக்காரர் அடுத்த விரிப்பிடம் போய்விடுவார். அதில் அவரைக் குறை கூறுவதற்கு ஏதுமில்லை.

வாரந்தவறாமையின் வலிமையையும், அது அறுந்தால் நேரும் நஷ்டத்தையும் புதுச்சேரியின் சரித்திரமே காட்டுகிறது. 1908-ஆம் வருஷம் சுப்பிரமணிய பாரதியார் பிரிட்டிஷ் எல்லையைக் கடந்து இவ்வூர் வந்து சேர்ந்தார். மண்டயம் குடும்பத்தாரின் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையும் இங்கிருந்தே வெளிவரலாயிற்று. அதன் சந்தா முறை விநோதமானது: சர்க்கார்களுக்கு ஐம்பது ரூபாய், சாமானியருக்கு மூன்று ரூபாய், இடைப்பட்டோருக்கு அவரவர் வரும்படிக்குத் தக்கபடி. இக்காலத்து விற்பனை நிபுணர்கள் இதைப் புது யுக்தி என்று சொல்லிப் பெருமை கொள்கிறார்கள்! வாரந்தோறும் தபாலில் தேசபக்தரின் கைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த அப்பத்திரிகையைப் பிரிட்டிஷ் சர்க்கார் தன் எல்லைக்குள் நுழையாதபடி தடுத்தது. வாசகர்களில் மிகப் பெரும்பாலார் எல்லைக்கு அப்பாலிருந்தவர்கள். 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றது.

அதன்பின் பாரதியார் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆயினும் படிப்போரை வாரந்தோறும் சந்திக்கும் சொந்த வழி அவருக்கு இல்லாமற் போயிற்று. 1912-இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகம் அச்சேறியது, இரண்டாம் பாகமோ, அவர் காலமான பிறகு 1924-இல்தான் வெளிவந்தது. 1918-இல் புதுச்சேரியை விட்டுச் சென்ற அவர், 1920-இல் கடையத்திலிருந்து அன்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் எழுத்துக்களை நாற்பது நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி அச்சிடுவதாகவும், அதற்கு மூலதனமாக ஆளுக்கு நூறு ரூபாய் கடன் கொடுத்தால் வட்டியுடன் திருப்புவதாகவும் கூறினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் புஸ்தகங்கள் சுலபமாய் விலைபோகும் என்பது அவர் நம்பிக்கை. அந்த ஏற்பாடு நிறைவேறவில்லை. மறுவருஷம் செப்டம்பரில் அவர் மறைந்தார்.

சரக்கில் குறையிருந்ததாக எவரும் சொல்லத் துணியார். பிற்காலத்தில் அப்புஸ்தகங்கள் விற்ற விற்பனை அவர் கணக்கை மெய்ப்பித்தது. பத்து வருஷம் அறுந்திருந்த தொடர்பை ஒரே சுற்றறிக்கையால் முடிந்துவிட இயலாது என்பதே எமது அபிப்பிராயம். அத்தொடர்பை அறுத்தது அந்நிய சர்க்கார். நம் சிறு வியாபாரிகளோ அதே காரியத்தைத் தாமே தமக்குச் செய்துகொள்கிறார்கள்.

மற்றொரு தேசபக்தரின் அநுபவமும் கவனிக்கத்தக்கது. காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு 1893-இல் பம்பாயில் ‘அமிருதாஞ்சனம்’ என்னும் தலைவலித் தைலத்தைத் தயாரிக்கத் தொடங்கியபோது அவரை அறிந்தவர் சிலரே. சங்கீதக் கச்சேரிகளுக்குச் சென்று, வந்திருந்தோருக்குத் தைலத்தை இலவசமாய்க் கொடுத்தார். தலைவலி நின்றவர் கடைக்குப் போய்க் கேட்பார் என்பது அவர் கணக்கு. (கச்சேரியே தலைவலிக்குக் காரணமாகும் தினங்களும் உண்டென்பதை அவர் அறிந்திருக்கக் கூடும்.) அந்த லாபத்தைக்கொண்டு 1908-இல் ‘ஆந்திர பத்திரிகை’யை நிறுவித் தேசத் தொண்டு புரிந்தார்.

“நேரமெங்கே?” என்று தனியாளாய்த் தொழில் நடத்துவோர் கேட்பது நியாயமே. ஆகவே அளவு சிறியதாயிருக்கட்டும். வாரத்தில் ஒருநாள், கடை திறக்குமுன் ஒருமணி நேரம். அந்நாளில் வேலை மலைபோல் குவிந்திருந்தாலும் அம்மணி நேரத்தைத் தொடலாகாது. புதிதாய்ச் செய்த ஒரு பொருளின் படமும், விலையும், இரண்டு வரிச் செய்தியும் கைப்பேசி வழியே பழைய வாடிக்கைக்காரருக்குப் போனால் போதும். தினம் பத்துமுறை அனுப்பித் தொல்லை கொடுப்பவரை ஜனங்கள் தடுத்துவிடுவார்கள். ஓய்ந்த நாட்களில் நான்கைந்து செய்திகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால், நெருக்கடியான வாரங்களுக்கு அவை உதவும்.

இன்னொன்றும் உண்டு. இன்று பலர், கடல் கடந்த பெருங்கம்பெனிகள் நடத்தும் இணையத் தளம் ஒன்றையே நம்பித் தம் வியாபாரம் முழுவதையும் வைத்திருக்கிறார்கள். அக்கம்பெனி விதியை மாற்றினாலும் கணக்கை மூடினாலும் கேட்பதற்கு நாதியில்லை. வாசகரிடம் போகும் பாதை பிறர் கையிலிருந்தபடியால் ‘இந்தியா’ பட்ட பாடு இதுவேயன்றோ? வாங்கினவர் பெயர், ஊர், தொலைபேசி எண், வாங்கிய பொருள் ஆகியவற்றை அவர் சம்மதத்துடன் ஒரு சாதாரண நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்து செல்லும் யாத்ரீகர் இரண்டாம் முறை தெருவைக் கடப்பார் என்பது நிச்சயமில்லை. அவர் எண் நோட்டில் இருந்தால் சரக்கே அவரிடம் போகலாம். தையற்காரருக்கோ ஐப்பசியில் தீபாவளி வேலை தலைக்குமேல் ஏறிவிடும். சென்ற வருஷம் துணி கொடுத்தவர்களுக்கு அவருடைய செய்தி ஆவணியிலேயே போய்விட வேண்டும்.