வெள்ளையா இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை! ஸ்ப்ரேயரை எடுக்கும் முன் 2 நிமிஷம் பாருங்க

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரோடு மாடிக்குப் போறீங்க. தளதளன்னு நின்ற கத்தரிச் செடியின் நுனியில், பஞ்சை ஒட்டிவைத்த மாதிரி வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது. உடனே போனில் தேடி, கண்ணில் பட்ட கரைசலைக் கலக்கி அடித்துவிடுவோம்.

போன வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். அடிப்பதற்கு முன் எடுத்த போட்டோவைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான் கொன்றதில் பாதி, மாவுப்பூச்சியைத் தின்ன வந்த நண்பர்கள்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

மாவுப்பூச்சியை விரும்பிச் சாப்பிடும் ஒருவகைப் பொறிவண்டு உண்டு. பெயர் கிரிப்டோலேமஸ், பூர்வீகம் ஆஸ்திரேலியா. இதன் புழுவும் உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழைகளோடுதான் இருக்கும். அதனால்தான் குழப்பம்.

மாவுப்பூச்சி 3-4 மி.மீ. நீளம்தான்; பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டின் புழு வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். மெழுகு இழைகள் நீளமாக, கலைந்த தலைமுடி போலத் தொங்கும். சுறுசுறுப்பாக நகரும். இப்படி நகர்கிறவர்களைப் பார்த்தால், அந்தச் செடியில் எதையும் அடிக்க வேண்டாம்.

எறும்புக்கு இங்கே என்ன வேலை?

மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான திரவத்தை வெளியேற்றும். அதைக் குடிக்க வரும் எறும்புகள், மாவுப்பூச்சிக்கு பாடிகார்டு வேலையும் பார்க்கும். பொறிவண்டு வந்தால் விரட்டிவிடும். அதனால் எறும்பைத் தடுப்பதே பாதி வேலை. தொட்டியை ஸ்டாண்டில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்க. கொசு வராமல் இருக்க, தண்ணீரை அடிக்கடி மாற்றணும். செடியின் கிளை சுவரைத் தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம்; வெட்டிவிடுங்க.

சரி, என்ன செய்யலாம்?

* கொஞ்சமாக இருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்க, அல்லது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிங்க.
* அதிகமாக அப்பிய நுனியை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்க.
* அதன் பிறகும் தொடர்ந்தால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கூடவே சில துளி காதி சோப் கரைசல். சோப் இல்லாமல் எண்ணெய் தண்ணீரோடு கலக்காது.
* முதலில் இரண்டு இலைகளில் அடித்து ஒருநாள் பாருங்க. கருகவில்லை என்றால், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடிங்க. வாரம் ஒருமுறை, 2-3 வாரம் போதும்.

அடித்தும் சாகலையே?

வேப்பெண்ணெய் உடனே கொல்லும் விஷம் இல்லை. இதிலுள்ள அசாடிராக்டின், பூச்சியைச் சாப்பிட விடாது. தோலுரித்து வளர்வதையும் குலைக்கும். அதற்கு நாள் பிடிக்கும். மறுநாளே டோஸைக் கூட்டினால் இலைதான் கருகும்.

குளவி ஜெயித்த கதை

நண்பனை நம்பலாமா என்று கேட்டால், கோவையே சாட்சி. 2008-ல் அங்கு தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பரவி விவசாயிகளைக் கலங்கடித்தது. மருந்து அடித்தும் திரும்பத் திரும்ப வந்தது. 2010-ல் வெளிநாட்டிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும் அந்தக் குளவியை வயல்களில் விட்டார்கள். சீக்கிரமே பூச்சி அடங்கியது.

மருந்தால் முடியாததை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி முடித்தது. உங்க மாடிக்கும் இப்படி யாராவது வந்திருக்கலாம். அடுத்த முறை ஸ்ப்ரேயருக்கு முன்னால் போன் கேமராவை எடுங்க. ஜூம் பண்ணிப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க.