'இயற்கை' என்று எழுதியிருந்தால் போதுமா? டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர் கேப்ஸ்யூல்களின் லேபிளில் பார்க்க வேண்டியவை

ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து நிற்கும் இளைஞர்கள் சிலர் உண்டு. கைபேசியில் ஒரு டப்பாவின் படத்தைக் காட்டி, "ஹஜ்ரத், இது ஹலாலா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். பெரும்பாலும் அது 'டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்' என்ற பெயரில் விற்கப்படும் மூலிகை கேப்ஸ்யூலாக இருக்கும். கேட்பவர்களில் ஜிம்முக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். திருமணமாகி மூன்று ஆண்டுகள் கடந்தும் குழந்தை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகையினரை நினைத்தே இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் ஹலாலா என்று சொல்வதற்கே லேபிள் முழுவதையும் படிக்க வேண்டியிருக்கிறது. படித்தால் வேறு பல கேள்விகளும் எழுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இந்த கேப்ஸ்யூல்களில் டெஸ்டோஸ்டிரோன் இல்லை, இருக்கவும் கூடாது. அது ஆணின் விதைப்பையில் சுரக்கும் ஹார்மோன். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதற்குக் கட்டளையிடுகிறது. சுரப்பைக் கூட்டும் என்று சொல்லப்படும் மூலிகைகளும் தாதுக்களுமே டப்பாவுக்குள் இருப்பவை. நம் நாட்டில் விற்கும் இவ்வகை லேபிள்களில் அடிக்கடி கண்ணில் படுபவை அஷ்வகந்தா, நெருஞ்சில், வெந்தயச் சாறு, சஃபேத் மூஸ்லி, ஷிலாஜித், துத்தநாகம் ஆகியவை.

இவற்றில் ஓரளவு ஆதாரம் உள்ளது அஷ்வகந்தா. நம் நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராங்கிழங்கு என்று கேட்டு வாங்குவது இதைத்தான். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 40 முதல் 70 வயது வரையிலான, எடை கூடிய ஆண்களுக்கு 8 வாரங்கள் இதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட காலத்தோடு ஒப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் சுமார் 15 சதவீதம் கூடியிருந்தது. விளம்பரங்கள் இத்துடன் நிறுத்திக் கொள்ளும். அதே ஆய்வில் களைப்பிலும் தாம்பத்திய நலனிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்பதைச் சொல்லாது. 400 என்றிருந்த அளவு 460 ஆவதாக வைத்துக் கொள்ளுங்கள். இரண்டுமே சராசரி ஆணுக்குரிய 300 முதல் 1000 வரையிலான எல்லைக்குள் இருப்பவைதாம். எண் மாறியது, ஆள் மாறவில்லை. அஷ்வகந்தாவுக்கு மறுபக்கமும் உண்டு. தைராய்டு சுரப்பைக் கூட்டக் கூடியது. கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது வேறு விஷயம். ஆனால் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

நெருஞ்சிலின் கதை வேறு. நம் பெரியவர்கள் அதை நீர்க்கடுப்புக்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். ஆண் ஹார்மோனுக்கு உரியது என்ற புகழ், பல்கேரியாவில் தயாரான ஒரு மாத்திரையின் வழியாக உலகெங்கும் பரவியது. ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களுக்கு 5 வாரங்கள் கொடுத்துப் பரிசோதித்து 2007இல் வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனும் கூடவில்லை, பலமும் கூடவில்லை. ஆனாலும் லேபிளை விட்டு அது இறங்கவேயில்லை.

துத்தநாகம் உண்மையிலேயே தேவையான சத்து. உடலில் அது குறைந்தால் டெஸ்டோஸ்டிரோனும் குறையும்; குறையை நிரப்பினால் ஏறும். குறையே இல்லாதவருக்கு மேலும் மேலும் கொடுப்பதால் ஏறுவதில்லை. நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நீண்ட காலம் சாப்பிட்டால் உடலில் தாமிரச் சத்து குறையத் தொடங்கும். இறைச்சியும் கொண்டைக்கடலையும் அடிக்கடி சமைக்கும் வீட்டில் இதற்கென்று தனி டப்பா தேவைப்படுவது அரிது.

வெந்தயச் சாறு பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை. சர்க்கரை மாத்திரை சாப்பிடுவோர் வெந்தயமும் சர்க்கரையைக் குறைக்கும் என்பதை மறக்க வேண்டாம். மூஸ்லிக்கு உள்ள ஆதாரம் பெரும்பாலும் எலிகளிடம் செய்த சோதனை. ஷிலாஜித் முறையாகச் சுத்திகரிக்கப்படாவிட்டால் அதில் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு.

எந்த மூலிகை என்பதை விட எவ்வளவு என்பது முக்கியம். சில லேபிள்களில் ஏழெட்டுப் பெயர்களை வரிசையாக எழுதி, மொத்தம் 500 மில்லிகிராம் கலவை என்று முடித்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு என்பது இருக்காது. விலை குறைந்த பொருளை நிரப்பி, பெயர் பெற்ற பொருளைச் சிட்டிகை அளவு சேர்த்தாலும் நமக்குத் தெரியாது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தென்பட்டதும், அதை மறைத்த வியாபாரியைக் கண்டித்ததும் நாம் அறிந்த செய்தி. கலவை என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் அளவை மறைப்பதை எனக்கு வேறு விதமாகப் பார்க்கத் தெரியவில்லை. டப்பாவில் சுன்னத் மருத்துவம் என்று அச்சிட்டு, கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொல்லும் ஹதீஸைப் போட்டு விற்பவர்களுக்கும் இது பொருந்தும். கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸ் அந்த கேப்ஸ்யூலுக்குக் கொடுத்த நற்சான்று அல்ல.

இதையும் விட அஞ்ச வேண்டியது லேபிளில் எழுதப்படாத பொருள். 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருந்து கலப்படம் இருப்பதாக எச்சரித்த 776 சப்ளிமெண்டுகளில் 353 தாம்பத்திய சக்திக்கென விற்கப்பட்டவை. அவற்றில் அதிகம் கண்டுபிடிக்கப்பட்டது வயாகராவில் உள்ள சில்டனாஃபில். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைக்கும் ஒருவர், வெறும் மூலிகைதானே என்று இப்படியொரு கேப்ஸ்யூலை விழுங்கினால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம். "ஒரு மணி நேரத்தில் பலன்" என்று விளம்பரம் சொன்னால் சந்தேகப்படுங்கள். எந்த வேரும் அவ்வளவு வேகமாக ஹார்மோனைக் கூட்டாது. தாம்பத்திய சக்தியைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே நம் நாட்டின், 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது.

இனி ஹலால் கேள்வி. சிக்கல் பெரும்பாலும் மூலிகையில் இல்லை, அதைச் சுற்றியுள்ள கூட்டில் இருக்கிறது. ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. பன்றித் தோல் பதனிட்டாலும் சுத்தமாகாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளின் நிலைப்பாடு. பொருள் முற்றிலும் மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்று இக்காலத்தில் வாதிடும் அறிஞர்கள் உள்ளனர். ஆயினும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1986இல் பன்றி ஜெலட்டினை உணவில் பயன்படுத்தக் கூடாது என்றே தீர்மானித்தது. மாட்டு ஜெலட்டினாக இருந்தாலும் முறையாக அறுக்கப்பட்டதா என்ற கேள்வி நிற்கும். உயிர் காக்கும் மருந்துக்கு வேறு வழியே இல்லை என்றால் பேச்சு வேறு. இங்கே அப்படி எந்த நிர்ப்பந்தமும் இல்லை. ஹெச்.பி.எம்.சி என்று போட்டிருந்தால் அது தாவர நார்ச்சத்தில் செய்த கூடு. பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே சொல்லும். சாறு எடுக்கச் சாராயம் பயன்பட்டதா என்பதை அது சொல்லாது. சாராயம் பின்னர் ஆவியாக்கி நீக்கப்படுகிறது என்றாலும், மனம் ஒப்பாதவர்கள் நீரில் எடுத்த சாறு என்று குறிப்பிட்டதை வாங்கலாம்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் கூடினால் விந்தணு கூடும் என்பது தவறான எண்ணம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி சுருங்கும். ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியைச் சோதித்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணு முற்றிலும் நின்றுபோனது. ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசியும், ஸ்டீராய்டு மறைத்துக் கலந்த பவுடரும் செய்வது இதைத்தான்.

டப்பாவுக்குச் செலவிடும் பணத்தில் இரண்டு பரிசோதனைகளைச் செய்துவிடலாம். டெஸ்டோஸ்டிரோனுக்கான இரத்தப் பரிசோதனையைக் காலையில் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மீண்டும் எடுத்து உறுதி செய்வார்கள். எடை, சர்க்கரை நோய், தூக்கக் குறைவு ஆகியவையும் அந்த அளவைக் குறைக்கும். மற்றொன்று விந்துப் பரிசோதனை. மனைவியை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைய விட்டு, மாமியார் வீட்டில் அவளைப் பேச்சுக் கேட்க வைத்துவிட்டு, கணவர் ரகசியமாக கேப்ஸ்யூல் விழுங்குவது நியாயமல்ல. விதைப்பையின் இரத்தக் குழாய் வீங்கும் வெரிகோசில் போன்ற, சிகிச்சைக்கு உட்படும் காரணங்கள் எத்தனையோ கணவரின் பக்கமே இருக்கலாம். மாதிரி கொடுப்பதில் மார்க்கச் சங்கடம் உள்ளவர்கள் மனைவியின் துணையுடன் வீட்டிலேயே எடுக்கலாம். இரண்டு முதல் ஏழு நாட்கள் இடைவெளி விட்டு எடுத்து, உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். சாதாரண ஆணுறை விந்தணுவைப் பாதிக்கும். இதற்கென உள்ள தனி உறையை ஆய்வகத்திலோ மருத்துவரிடமோ கேட்டால் சொல்வார்கள்.